கைப்பேசியும் கடைவாசலும்: வாசகர் கேள்வி பதில்

தீபாவளி வேலை ஓய்ந்து, இப்போதுதான் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறேன். அப்பா தொடங்கியது. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கருமக்கிரியை அட்டை, ரசீது புத்தகம், இதுதான் எங்கள் பிழைப்பு. பத்து வருடத்துக்கு முன் நோட்டீஸ் அடிக்க வந்தவர்களே, "அக்கா, இதைப் போனில் அனுப்புகிற மாதிரியும் செய்து கொடுங்களேன்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் இந்த வேலையையும் கற்றுக்கொண்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விற்பனை பற்றியவை. பயந்துபோய் எழுதிய கடிதம் ஒன்றும் இருக்கிறது.

கேள்வி: அக்கா, நான் வீட்டில் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை செய்து விற்கிறேன். தீபாவளிக்கு மகள் டிக்டாக்கில் ஒரு வீடியோ போட்டாள். 41,000 பேர் பார்த்தார்கள். ஆனால் அதிலிருந்து வந்த ஆர்டர் ஒன்பதுதான். எங்கே தப்பு? (பாகான் செராய் சகோதரி)

சகோதரி, மகள் அனுப்பிய வீடியோவை மூன்று முறை பார்த்தேன். 18 விநாடி. எண்ணெய் கொதிக்கிறது, அச்சிலிருந்து முறுக்கு சுற்றிச் சுற்றி விழுகிறது, பின்னால் ஒரு பாட்டு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு போத்தல் என்ன விலை, எந்த ஊரில் கிடைக்கும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பது எங்கேயும் இல்லை. பார்த்தவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உங்களைத் தெரிந்தவர்கள் யார் என்று டிக்டாக் பெரிதாகப் பார்ப்பதில்லை. வீடியோவை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டும். கடைசி வரை பார்த்தார்களா, திரும்பப் பார்த்தார்களா, யாருக்காவது அனுப்பினார்களா என்று கவனிக்கும். அவர்களுக்குப் பிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் பேருக்குக் காட்டும். இப்படியே பெருகித்தான் 41,000 ஆகிறது. அதில் எத்தனையோ பேர் மதுரையிலோ ஜகார்த்தாவிலோ உட்கார்ந்து எண்ணெய் கொதிப்பதைப் பார்த்திருக்கலாம். அவர்கள் பாகான் செராய்க்கு வந்து போத்தல் வாங்கப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். "நாங்கள் இருந்த தோட்டத்தில் லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துச் செம்பனை போட்டுவிட்டார்கள், எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்." சகோதரி, உங்கள் வியாபாரம் அந்த வரியில்தான் இருக்கிறது. அந்த "எல்லாரும்" இன்று கிள்ளானில் இருப்பார்கள், ஜொகூர் பாருவில் இருப்பார்கள், சிங்கப்பூருக்குத் தினமும் மோட்டாரில் வேலைக்குப் போய் வருவார்கள். கடையில் எந்த முறுக்கு வாங்கினாலும், உங்கள் அம்மா அடுப்படியில் சுட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். 41,000 பேர் தேவையில்லை. அந்தத் தோட்டத்தில் உங்களோடு இருந்த ஒரு நூற்றைம்பது பேர் எங்கே என்று தேடுங்கள்.

எங்கள் அப்பா நோட்டீஸ் அடித்த காலத்தில், துணிக்கடைக்காரர்கள் அதைத் தெருவில் கொடுக்க மாட்டார்கள். சம்பள நாள் வரைக்கும் கட்டாக வைத்திருப்பார்கள். அன்றைக்கு எல்பில், ஹேவுட் மாதிரித் தோட்டங்களின் ஆபீஸ் வாசலில் பாய் விரித்துக் கடை போடும்போதுதான் கையில் கொடுப்பார்கள். கையில் காசு இருக்கும் நாள், ஆள் கூடும் இடம், தெரிந்த முகம் என்று மூன்றும் சேர்ந்தால்தான் நோட்டீஸுக்குப் பலன். இன்றைக்கும் கணக்கு அதுதான். நம் நாட்டு வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். உங்கள் செய்தி 7ஆம் தேதி சாயங்காலம் போகட்டும். 22ஆம் தேதி அனுப்பினால் படித்துவிட்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்துவிடுவார்கள்.

சரி, எப்படி அனுப்புவது? உங்களிடம் 555 புத்தகம் இருக்கும். கடன் கணக்கு எழுதும் அந்தச் சின்னப் புத்தகம் இல்லாத வீடே நம்மிடம் கிடையாது. அதில் இருக்கும் பெயர்களில் இருந்து தொடங்குங்கள். ஒவ்வொருவருக்கும் நீங்களே குரல் பதிவு அனுப்புங்கள். "நான் இன்னார் மகள், நம் தோட்டத்தில் கிணற்றடி லயத்தில் இருந்தோமே, இப்போது முறுக்கு செய்கிறேன், என் நம்பரைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். நம்பரைச் சேமிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரே செய்தியை 256 பேர் வரை தனித்தனியாக அனுப்பப் 'பிராட்காஸ்ட்' பட்டியல் போடலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தம் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்குத் தனியாகச் செய்தியும் வராது. ஸ்டேட்டஸும் அப்படித்தான். இரண்டு பக்கமும் நம்பர் சேமித்திருந்தால்தான் தெரியும், அதுவும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பல பேர் மாதக்கணக்கில் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, ஒருவரும் வாங்கவில்லை என்று என்னிடம் வருத்தப்படுவார்கள். போனை வாங்கிப் பார்த்தால் பார்த்தவர்கள் பதினொரு பேர், எல்லாரும் சொந்தக்காரர்கள்.

2018இல் வந்த புலனம் வியாபாரச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது. படமும் விலையும் அதிலேயே பட்டியலாகப் போடலாம். "ஆர்டர் கொடுத்தவர்", "பணம் கட்டியவர்" என்று ஒவ்வொருவருக்கும் அடையாளச் சீட்டு ஒட்டலாம். 555 புத்தகம் செய்த வேலைதான்.

இனிப் படம். மகளிடம் சொல்லுங்கள், சமையலறை டியூப் லைட்டுக்குக் கீழே எடுக்க வேண்டாம். முறுக்கு சாம்பல் நிறமாகத் தெரிகிறது. காலை எட்டு மணிக்குப் பின்கதவைத் திறந்து வையுங்கள். வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வரும் இடத்தில், ஒரு பழைய நியூஸ்பேப்பரை விரித்து, சிவப்பு மூடிப் போத்தலை வையுங்கள். மூடியைத் திறந்து, ஒரு முறுக்கை எடுத்து உங்கள் கையாலேயே உடையுங்கள். அந்த நொறுங்கும் சத்தம் வர வேண்டும். பாட்டு வேண்டாம். உடைந்த இடத்தில் சீரகமும் எள்ளும் தெரிகிற அளவுக்குக் கிட்டே போகட்டும். அப்புறம் உங்கள் குரலில், "ஒரு போத்தல் இவ்வளவு, பாகான் செராயில் வந்து எடுக்கலாம், வெளியூருக்குக் கூரியரில் அனுப்புவேன்" என்று சொல்லி முடியுங்கள். வெளியூருக்கு அனுப்பும்போது போத்தலின் வாய் வரைக்கும் பேப்பரைக் கசக்கி அடைத்துவிடுங்கள். ஆடினால் முறுக்கு தூளாகிவிடும். தூளாகிப் போனதைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிற ஆள் ஒருவர் வந்தால் போதும், ஒரு வருட உழைப்பு போய்விடும்.

டிக்டாக்கை விட வேண்டாம். மகளுக்கு அதில் கை வருகிறது. ஊர்ப்பெயரைப் பெரிதாக எழுதிப் போடச் சொல்லுங்கள். பிறகு வியாபாரத்தை எஸ்எஸ்எம்-இல் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிந்துவிடுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருடம் 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60. சமைத்து விற்பவர் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் எடுத்திருக்க வேண்டும். பெரிய ஆர்டர் கொடுக்கும் ஆபீஸ்காரர்கள் இதைக் கேட்பார்கள்.

கேள்வி: நான் துணிக்கடையில் வேலை செய்கிறேன். கூடவே தையலும் உண்டு. விளம்பரம் எல்லாம் இனி ஏஐ-யில் எழுதினால் போதும் என்று முதலாளி சொல்கிறார். எழுதிப் பார்த்தோம், நன்றாக இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் யாரும் கேட்டு வரவில்லை. (கூலிம் தம்பி)

தம்பி, நீ அனுப்பிய விளம்பரத்தின் முதல் வரி, "உங்கள் கனவுகளுக்கு வடிவம் கொடுக்கிறோம்." இந்த வரியை எடுத்துச் செங்கல் சூளைக்குப் போடலாம், பல் மருத்துவருக்கும் போடலாம். உங்கள் கடையில் நடப்பது என்ன? நீயே கடிதத்தில் எழுதியிருக்கிறாய்: "வெள்ளிக்கிழமை ரவிக்கைத் துணி கொடுத்தால் புதன்கிழமை வாங்கிக்கொள்ளலாம்." அதுதான் விளம்பரம். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும் வீட்டில், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஏன் அப்படி எழுதுகிறது என்று தெரிந்துகொள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லார் கைக்கும் போன இந்தக் கருவிகள், இணையத்திலும் நூல்களிலும் உள்ள எழுத்தை மலைமலையாகப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகியவை. அந்த மலையில் ஆங்கிலம்தான் பெரும்பகுதி. தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் நம் மலேசியத் தமிழ் இன்னும் கொஞ்சம். பால்வெட்டு (ரப்பர் பால் எடுப்பது), பெரட்டு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு), பசார் மாலாம் (இரவுச் சந்தை), சம்பள நாள் என்று நாம் பேசும் பேச்சு அதன் காதில் அதிகம் விழவில்லை. அதனால் ஆங்கில விளம்பரத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்ட மாதிரி எழுதுகிறது.

ஆனாலும் அதை நான் தினமும் பயன்படுத்துகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் நானே தமிழில் எழுதிக்கொள்வேன்: விலை, நாள், இடம், தொலைபேசி. பிறகு இதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் கொடு என்று கேட்பேன். உங்கள் தெருவில் மலாய்க்காரர்களும் சீனர்களும் இருப்பார்கள் இல்லையா? அவர்களுக்கு ரவிக்கை வேண்டாம் என்றாலும், பாஜு குரோங் (மலாய்ப் பெண்கள் உடுத்தும் உடை) தைக்கலாமே. இந்த வேலையில் ஏஐ நிஜமாகவே கை கொடுக்கும். அச்சுக்கு முன்னால் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு முறை காட்டிப் படிக்கச் சொல். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், முகவரி எதையும் அதில் போடாதே.

ஏஐ போட்டுக் கொடுக்கும் படங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். துணி விற்கிற கடையில், இல்லாத சேலையின் படத்தைப் போடாதே. வந்தவர் அந்தச் சேலையைக் கேட்டால் என்ன காட்டுவாய்? நிஜம் போலத் தெரியும் ஏஐ படங்களுக்கும் வீடியோவுக்கும் அடையாளம் போட வேண்டும் என்று டிக்டாக்கே 2023 முதல் சொல்கிறது. அப்புறம் அந்தப் படங்களில் வரும் தமிழ் எழுத்தைக் கூர்ந்து பார். என் கடைக்கு வந்த ஒரு பேனர் படத்தில் "பொங்கல்" என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எந்த மொழியிலும் இல்லாத ஒரு எழுத்து இருந்தது. எழுத்தை எப்போதும் தனியாக, ஒழுங்கான எழுத்துருவில் அடித்துப் படத்தின் மேல் வை.

தமிழ் எழுத்துக்காக இந்த நாட்டிலேயே எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று உன் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர். 2005இல் அவருடைய செல்லினம் வந்தபோதுதான், பித்தானை அழுத்துகிற அந்தப் பழைய கைப்பேசியில் தமிழில் ஒரு செய்தி அடித்து அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் அவ்வளவு உழைத்து நம் போனுக்குள் கொண்டுவந்த எழுத்தை, இன்றைக்கு நாம் கொம்பு உடைந்து தொங்கவிடக் கூடாது.

கேள்வி: சலூன் திறக்கப் போகிறோம். டிக்டாக்கில் பிரபலமான ஒருவர் வந்து ஒரு வீடியோ எடுக்க 1,500 ரிங்கிட் கேட்கிறார். கொடுக்கலாமா? (கோலகங்சார்)

கொடுக்க வேண்டாம். அவரைப் பின்தொடர்பவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள் என்று அவரால் காட்ட முடிந்தால் யோசிக்கலாம். அந்தக் கணக்கு அவர் போனிலேயே இருக்கும், கேட்டுப் பாருங்கள். காட்டாவிட்டால் அந்தப் பணத்தில் முதல் மாதம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஏதாவது சலுகை கொடுத்து, கூகள் மேப்பில் கடையைப் பதிந்து, வெட்டி முடித்ததும் அவரவர் அனுபவத்தை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வருகிறவர் அங்கேதான் தேடுவார்.

எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு துண்டாக விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பால்வெட்டுகிறவர்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். எதிரே நின்று கேட்கிற மனிதரைப் பார்த்துக் கொடுத்த பணம் அது. உங்கள் சலூனுக்கும் நீங்களே வாசலில் நின்று பேசுகிற ஒரு நிமிட வீடியோ போதும்.

கேள்வி: மகளே, என் பேரன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். போன வாரம் புதிய நம்பரிலிருந்து அவன் குரலில் செய்தி வந்தது. விபத்து, உடனே 3,000 ரிங்கிட் வேண்டும், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று அழுதான். குரல் அச்சு அசல் அவனுடையதுதான். பேங்குக்குக் கிளம்பிவிட்டேன். வழியில் மருமகள் பார்த்ததால் தப்பித்தேன். பேரன் நிம்மதியாக வேலையில் இருந்தான். குரலை எப்படி எடுத்தார்கள்? முப்பது வருடம் கிராணியாக (தோட்ட எழுத்தராக) இருந்து கணக்குப் பார்த்த எனக்கே இப்படி. (தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. நீங்கள் ஏமாறப் பார்த்ததற்கு உங்கள் கணக்குப் புத்தி காரணம் இல்லை. பேரன் மேல் வைத்த பாசத்தைத்தான் அவர்கள் பிடித்து இழுத்தார்கள். நீங்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. இதை எழுதி அனுப்பியதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பல பெரியவர்கள் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள்.

ஒருவருடைய குரலைக் கொஞ்ச நேரம் பதிவு செய்தால் போதும், அதே குரலில் வேறு வார்த்தைகளைப் பேச வைக்கும் கருவிகள் இன்று உண்டு. பேரன் முகநூலிலோ டிக்டாக்கிலோ பேசிப் போட்ட வீடியோ இருந்தால், குரல் அங்கிருந்தே கிடைத்திருக்கலாம். குரல் உண்மையா பொய்யா என்று காதால் கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள், ஐயா. அது எனக்கும் முடியாது. இனி நம்ப வேண்டியது உங்கள் கையில் இருக்கும் பழைய நம்பரைத்தான். அழுகிற குரல் வந்தால், "சரிப்பா, வைக்கிறேன்" என்று துண்டித்துவிட்டு, பேரனின் வழக்கமான நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் அவன் அம்மாவைக் கூப்பிடுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்கிற பேச்சு வந்தாலே அது மோசடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அம்மா சிறுமியாக லயத்தில் வளர்த்த ஆட்டுக்குட்டியின் பெயர். எந்த வீடியோவிலும் அது இல்லை, எந்தப் பதிவிலும் எழுதியதில்லை. பணம் என்று யார் கேட்டாலும் அம்மா அந்தப் பெயரைக் கேட்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை பேரன் கூப்பிடும்போது நீங்களும் ஒன்றைப் பேசி வைத்துவிடுங்கள். போனில் எழுத வேண்டாம், வாயால் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு காரியம். யாராவது ஒரு கணக்கு எண்ணைக் கொடுத்தால், காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, அதன் மேல் புகார் இருக்கிறதா என்று மருமகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த அதே நிமிடம் 997க்குக் கூப்பிடுங்கள். மோசடிக்கென்றே 2022இல் திறந்த எண் அது. போலீஸ் புகார் எழுதவும் வேண்டும், ஆனால் முதலில் 997. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவதற்குள் தடுக்கத்தான் அந்த அவசரம். புலனத்தில் வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டு யார் வந்தாலும், தெரிந்தவர் பெயரிலேயே வந்தாலும், கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால் உங்கள் கணக்கே அவர்கள் கைக்குப் போய்விடும்.

கேள்வி: கியூஆர் கோடு ஒட்டி வியாபாரம் செய்வது பாதுகாப்பா? (பசார் மாலாம் கடைக்காரர், தாப்பா)

பாதுகாப்புதான். நம் நாட்டு பேங்குகளுக்குப் பொதுவான டுயிட்நவ் கியூஆர் 2019இல் வந்தது. ஒரே கோட்டில் எந்த பேங்க் செயலியிலிருந்தும் பணம் கட்டலாம். தினமும் கடை விரிக்கும்போது உங்கள் ஒட்டுப்படத்தின் மேல் வேறு ஒட்டுப்படம் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வாங்குபவர் போனில் உங்கள் பெயர்தான் வருகிறதா என்று சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

வாங்குபவர் காட்டும் ரசீதுப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். போன வருடம் ஒருவர் 180 ரிங்கிட்டுக்குப் பேனர் அடித்து, பணம் போட்டாயிற்று என்று படம் காட்டினார். கூட்டமான நேரம், தலையாட்டிவிட்டு பேனரைச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன். ராத்திரி கணக்குப் பார்த்தால் பணம் வரவே இல்லை. அந்த நம்பரும் அணைந்துவிட்டது. இப்போது என் சொந்தப் போனில் பணம் விழுந்த செய்தியைப் பார்க்காமல் எதுவும் மேசையைத் தாண்டாது.

கேள்வி: எங்கள் கோவில் குழுவின் புலனத்தில் 340 பேர் இருக்கிறார்கள். தினமும் காலை வணக்கம், பூப்படம், ஜோதிடம். திருவிழாத் தேதியைப் போட்டால் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு நகைக்கடைக்காரர் எங்கள் நன்கொடையாளர் நம்பர் பட்டியலைக் கேட்கிறார், திருவிழாவுக்கு 2,000 ரிங்கிட் தருவாராம். (கோவில் செயலாளர், பீடோர்)

பட்டியலைக் கொடுக்காதீர்கள், ஐயா. சாமிக்கு விளக்குப் போட எழுதிய பெயரும் நம்பரும் அவை. நகை வாங்க எழுதியவை இல்லை. வியாபாரத்துக்காகத் தனிப்பட்ட விவரத்தைப் பயன்படுத்த, உரியவர் சம்மதம் வேண்டும் என்றுதான் நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. நகைக்கடைக்காரர் தர விரும்பினால் திருவிழா நோட்டீஸில் அவர் விளம்பரத்தைப் போடுங்கள். காலங்காலமாக நடப்பதுதான்.

குழுவுக்கு ஒரு வழி: குழுவை அப்படியே பேச்சுக்கு விட்டுவிட்டு, அறிவிப்புக்காகத் தனியாக ஒரு புலனச் சேனல் தொடங்குங்கள். 2023இல் வந்த வசதி. அதில் நீங்கள் மட்டும்தான் எழுத முடியும், பின்தொடர்பவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. திருவிழா, அன்னதானம், சிரமதானம் மூன்றுக்கு மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் இன்னும் தோட்டத்துக்குள்ளேதான் இருக்கிறோம். போனில் லைன் சரியாக வராது. நேரலையில் விற்பது எப்படி? (ஈஜோக் பக்கம்)

நேரலை வேண்டாம். வீட்டில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பட்டணத்துக்கு வரும்போது ஏற்றுங்கள். உங்கள் வாடிக்கையாளரில் பழைய போன் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்கு இணையமே வராமல் போயிருக்கும். நாட்டில் 3ஜி சேவை 2021 கடைசியில் நிறுத்தப்பட்டுவிட்டது. 4ஜி இல்லாத போனில் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: அக்கா, அப்பா இறந்து வருகிற தை மாதம் ஒரு வருடம். நினைவஞ்சலியைப் பத்திரிகையில் போடலாமா, முகநூலில் போட்டால் போதுமா? தம்பி, "பேப்பரை இப்போது யார் படிக்கிறார்கள்" என்கிறான். (கோலசிலாங்கூர் தங்கை)

தங்கச்சி, இரண்டிலும் போடுங்கள். தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது, அப்பா மேசையில் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த நறுக்குகளை எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் மரண அறிவிப்பு, நினைவஞ்சலி. அவர் எடுத்து வைத்ததில் செய்தி என்று ஒன்றுகூட இல்லை. பத்திரிகையில் வந்த அஞ்சலியை ஜனங்கள் கத்தரித்து வைப்பார்கள். முகநூலில் வந்ததை ஒருவரும் கத்தரித்து வைக்க முடியாது. ஆனால் ஜொகூரில் இருக்கும் பெரியப்பா மகனுக்கும் லண்டனில் இருக்கும் பேத்திக்கும் அன்றைக்கே போய்ச் சேருவது போனில்தான்.

போனுக்குச் செய்யும் அட்டையில் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பின்னால் பூவும் மேகமும் வேண்டாம். எழுபது வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். அப்பாவின் பெயருக்குக் கீழே அவர் இருந்த தோட்டத்தின் பெயரைப் போடுங்கள். ஆபீஸில் எழுதும் ஆங்கிலப் பெயரை மட்டும் போடாமல், நம் ஜனங்கள் வாயில் வழங்கிய பெயரையும் சேருங்கள். அவரை மண்டோர் என்று கூப்பிட்டார்களா, லோரிக்காரர் என்றார்களா, அதையும் போடுங்கள். அடையாள அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்து அவரைத் தெரிந்துகொள்ளாத எத்தனையோ பேர், "அடடா, நம்ம லோரி அண்ணனா" என்று நின்று படிப்பார்கள். போன மாதம் இப்படி ஒரு அட்டை செய்து கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பிள்ளை வந்து, அப்பாவோடு சின்ன வயதில் கவண் வைத்துக்கொண்டு சுற்றிய ஒருவர் நாற்பது வருடம் கழித்துச் சிரம்பானிலிருந்து கூப்பிட்டதாகச் சொன்னான்.

அப்பாவின் படம் ஒன்றும், தோட்டத்தின் பெயரும், அவரை எல்லாரும் கூப்பிட்ட பெயரும் எழுதி பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். ஸ்டூடியோவில் எடுத்த படம் வேண்டாம், அவர் சிரித்துக்கொண்டிருக்கும் படமாகப் பார்த்து அனுப்புங்கள். அட்டையை நானே செய்து தருகிறேன்.